மூன்றாம் வகுப்பின் இரகசிய இலக்கங்கள்

நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வகுப்பைத் தந்தபோது, சுவரில் தொங்கிய எழுத்து அட்டவணையையும் சேர்த்துத் தந்தார்கள். மேலே பன்னிரண்டு உயிர், இடப்பக்கம் பதினெட்டு மெய், நடுவில் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய். எனக்கோ கடல் ஒத்துவராது. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி, ஒரு மணித்தியாலம் வயிற்றைப் பிரட்டி, இறங்கி வந்து, பிள்ளைகள் "கூ, ஙூ, சூ" என்று கொட்டாவியோடு பாடுவதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அப்படி ஒரு கோபத்தில்தான் மாக்கர் பேனையை எடுத்து, உயிர்களுக்கு மேலே ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரையும், மெய்களுக்குப் பக்கத்தில் ஒன்றிலிருந்து பதினெட்டு வரையும் இலக்கம் போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் உயிரின் இலக்கம் முதலில், மெய்யின் இலக்கம் அடுத்தது, இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பூச்சியம் என்றேன். பிறகு கரும்பலகையில் ஒரு வரி இலக்கம் மட்டும் எழுதிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். "வெளியே போய் விளையாடுங்கோ" என்பதுதான் அந்த வரி. பத்து நிமிடத்தில் வகுப்பில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அதன்பிறகு அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லை. பழைய காலத்துப் படைத்தளபதிகள் இப்படித்தான் செய்தி அனுப்பினார்கள் என்று அளந்துவிட்டேன், அதில் அரைவாசி உண்மை. பதினான்கு என்று எழுதாமல் ஏழும் ஏழும் என்று எழுதினேன், முணுமுணுக்காமல் கூட்டினார்கள். கொப்பிகளைப் பார்த்த பள்ளிக்கூட அதிபர் இது தமிழ்ப் பாடமா கணக்குப் பாடமா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எல்லோரிலும் வேகமாக இலக்கத்தை உடைப்பவள் ஒரு மீனவரின் மகள். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லிலும் தடுமாறுவாள். தாய் வெளிநாட்டில் வேலை. தகப்பன் வந்து என்னைச் சந்திக்க வேண்டும் என்று அவளுடைய கொப்பியில் எழுதினேன். கீழே தகப்பனின் அழகான கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை. மறுபடி எழுதினேன், மறுபடி கையெழுத்து. மூன்றாம் முறை கவனயீனம், பொறுப்பில்லாமை என்றெல்லாம் சிவப்பு மையில் எழுதினேன். கையெழுத்து முன்னையிலும் அழகாக வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அப்பா வராவிட்டால் திங்கட்கிழமை நீ வகுப்புக்குள் வரத் தேவையில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மண்ணெண்ணெய் மணத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவளுடைய அப்பாதான். ஒரு கையில் கடலுக்குக் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவி, மறு கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு காகிதத் துண்டு.

"ஆர் ரீச்சர் என்ர பிள்ளையிட்ட இதைக் குடுத்தது?"

துண்டில் இருந்தது இவ்வளவுதான்: 2 14 1 0 0 9 2 9. விடியப்புறம் சட்டைப் பையில் கண்டாராம், கொப்பித் தாளாக இருந்ததால் மகள்தான் வைத்திருக்க வேண்டும் என்று விளங்கியதாம். இந்தக் கடலில் எந்த இடமென்றாலும் அகலக்கோடு ஒன்பது, நெடுங்கோடு எழுபத்தொன்பதுதான், அதை ஒருவரும் எழுதுவதில்லை, மிச்ச இலக்கம்தான் விஷயம் என்று எனக்கு விளக்கினார். ஆரோ நல்ல மீன் படும் இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து, இலக்கங்களைச் சேர்த்து 21.410, 09.29 என்று கருவியில் போட்டிருக்கிறார். அது எல்லைக்கோட்டையும் தாண்டி இந்தியப் பக்கத்தைக் காட்டியதாம். அங்கே போனால் பிடித்து அடைப்பார்கள். தன்னை மாட்டிவிட ஆரோ பிள்ளையின் கையில் இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, காலையிலிருந்து இரண்டு கூட்டாளிகளோடு கதைக்காமலும் விட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தபடியே அவரை அட்டவணைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், இது பிள்ளை எழுதினது, இலக்கத்தைப் பார்த்து நீங்களே வாசியுங்கோ அண்ணை என்றேன்.

அவர் அட்டவணையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, கண்ணாடியை வள்ளத்தில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். இப்போதுதான் அந்தக் கருவியின் பொடி இலக்கங்களை எனக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிய மனிதர். என் சிரிப்பு அதோடு நின்றது. அவர் வாசிக்காமலே போட்ட மூன்று கையெழுத்தும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

மகள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். இரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்.

"அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது ரீச்சர். இலக்கம் தெரியும். அதுதான் இலக்கத்தில எழுதினனான்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயதில் அவர் இடம்பெயர்ந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இலக்கம் கடைசியில் எழுத்தில்தான் கொண்டுபோய் விடும், எழுத்துத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை என்பதை எட்டு வயதுக்காரி யோசிக்கவில்லை. அதற்காக அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. அவருக்கு எழுத்துத் தெரியுமோ என்று நான் மூன்று முறையும் யோசிக்கவில்லையே.

என்ன எழுதியிருக்கிறாய் என்று அவர் மகளைக் கேட்டார். அவள் எட்டி எட்டி விரலால் நான்கு எழுத்தைத் தொட்டுக் காட்டி, "வா அப்பா" என்றாள். வாங்கோ என்று மரியாதையாக எழுதினால் இரண்டு எழுத்துக் கூடும் என்றும் சொன்னாள்.

"வந்திட்டன்தானே" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "இனி எனக்கு எழுதிறதெண்டா இலக்கத்திலயே எழுதுங்கோ ரீச்சர். இவள் காட்டித் தருவாள்."

திரும்பும் வள்ளத்திலேயே என்னுடைய மூன்று குறிப்பையும் இலக்கத்தில் மாற்றத் தொடங்கினேன். கவனயீனத்துக்கு ஆறு எழுத்து, பன்னிரண்டு இலக்கம். அதை வெட்டினேன். பொறுப்பில்லாமைக்கு அதிலும் ஓர் எழுத்துக் கூடுதல். அதையும் வெட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக மகளின் விரலைப் பார்த்து வாசிக்கப் போகிறார் என்று நினைக்க நினைக்க, எழுத வேண்டியது குறைந்துகொண்டே போனது. குறிகட்டுவானில் இறங்கும்போது மிஞ்சியிருந்தது ஒரு வரிதான்.

உங்கள் மகள் கெட்டிக்காரி, அவளோடு நீங்களும் படிக்க வாங்கோ.