அருவருப்பாகப் பார்க்க இரண்டு பேர்

நான் பள்ளியில் படித்த காலத்தில், சினிமாவில் ஆணை விரும்பும் ஆண் வந்தால் இடுப்பை ஒடித்து நடப்பான். கதாநாயகன் அவனை ஓர் அறை விடுவான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். பெண்ணை விரும்பும் பெண் திரைக்கே வரமாட்டாள். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டதாம். போன வருடத்துக்கு முந்தைய வருடம், எங்கள் ஊரான திருத்தங்கலில் ஒரு படக்குழு வந்து இறங்கியது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களின் காதல் கதை. நான் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பவள். பதினோரு வருடமாக என்னோடு வாழும் இவள் நர்ஸ். தெருவுக்கு நாங்கள் அக்கா தங்கச்சி. கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் இருவரும் போனோம்.

இயக்குநர் சென்னைக்காரர். குரலில் பரிவு வழிந்தது.

"அந்த ரெண்டு பொண்ணுங்களும் கைகோத்து வருவாங்க. நீங்க குழாயடியில நின்னு அருவருப்பா பாக்கணும். அவ்வளவுதான்."

"எதுக்கு அருவருப்பு?" என்றாள் இவள்.

"உங்க ஊர்ல அப்படித்தானேம்மா பாப்பீங்க?"

"இங்கன அப்பிடி ஆளுக இருக்காகளா என்ன?" என்று நான் அப்பாவியாகக் கேட்டேன்.

"இருப்பாங்கம்மா. உங்களுக்குத்தான் தெரியாது" என்று எனக்கே பாடம் எடுத்தார் அந்த மேதை.

கொதிக்கும் பானையைத் தொடுவதுபோல நடிகைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வந்தார்கள். "கையப் பிடிக்கக்கூடத் தெரியலயே இவுகளுக்கு" என்று இவள் என் காதில் முணுமுணுக்க, எனக்குச் சிரிப்பு வெடித்தது. மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டு, எங்களை விலக்கி வேறு இருவரை நிறுத்தினார்கள்.

படம் வந்ததும் விருதுநகருக்குப் போய்ப் பார்த்தோம். காதலிகளில் ஒருத்தியைப் பட்டாசு விபத்தில் கொன்றிருந்தார்கள். பின்னணியில் வயலின். முகத்தில் ஒரு சின்னக் கீறல்கூட இல்லாமல் அழகாகச் செத்துக் கிடந்தாள். தீக்காயம் பட்டவர்களுக்கு வருடக்கணக்கில் கட்டுப் போட்ட இவள் பல்லைக் கடித்தாள். "எரிஞ்சவுகள இந்தப் படம் எடுத்தவன் ஒரு தடவையாச்சும் பாத்திருப்பானா?"

பக்கத்து இருக்கை அம்மாள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பி, "பாவம், இந்த மாதிரிப் பொண்ணுக நல்லபடியா வாழவே முடியாதுல்ல?" என்றார்.

"ஏன் முடியாது? நாங்க ரெண்டு பேரும் பதினோரு வருசமா வாழுறோமே" என்றாள் இவள். இதுவரை யாரிடமும் நாங்கள் சொன்னதில்லை.

அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். மீதிப் படத்துக்கு அங்கிருந்தே அழுதார்.