பயமில்லாமல் நானே ஓம் எண்டன்

கூசாமல் சொல்லுறன், சகோதரங்களே. எனக்குக் கர்ப்பப்பை இறங்கிப்போச்சு. கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு தொடங்கின வருத்தம். தலைமன்னாரில கருவாடு நிரம்பின ஓலைக் கடகம் தூக்கித் தூக்கிக் கூடிப்போச்சு. கீழே ஏதோ தொங்கிற மாதிரி. இருமினால் சிறுநீர் போகும். பூசைக்குப் போனால் வாசலோடயே நிப்பன். என்ர மனுசன் அந்தோனிக்குக்கூடச் சொல்லேல்லை. வெக்கம்.

ஒரு தவக்காலத்தில, கடகத்தை இறக்கேலாமல் கருவாடு காயவைக்கிற வாடியில அப்பிடியே குந்திட்டன். அடுத்தநாள் தனியப் பஸ் ஏறி மன்னாருக்குப் போனன். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில பாத்திட்டு, ஒப்பரேசன் செய்தால் நல்லது எண்டினம். என்ன செய்வினம், பிறகு எப்பிடி இருப்பன் எண்டு கேக்க வாய் வரேல்லை. தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன்.

பக்கத்து வீட்டு அக்காவிட்ட மட்டும் மெல்லச் சொன்னன். அவவோ, "கர்ப்பப்பையை எடுத்தால் பிறகு மனுசன் உன்னைத் திரும்பியும் பாரார்" எண்டா. நான் உடைஞ்சுபோனன். மாதா படத்துக்கு முன்னால விழுந்து, "தாயே, இந்த வருத்தத்தை எடுங்கோ, இல்லாட்டி என்னை எடுங்கோ" எண்டு கத்தி அழுதன்.

அந்தோனிக்குக் கேட்டிட்டுது. வந்து பக்கத்தில இருந்தார். எல்லாத்தையும் கொட்டினன். ஏசுவார் எண்டு நினைச்சனான்.

"இவ்வளவு காலமும் தனியவோ கஷ்டப்பட்டனீ?" எண்டார். அவற்ற கண் கலங்கினது.

அடுத்த கிளினிக்குக்கு அவரும் வந்தார். அவ்வளவு பொம்பிளையளுக்கு நடுவில அவர் ஒருத்தர்தான் ஆம்பிளை. உள்ளே போனதும் அவரே கேட்டார். "டொக்டர் அம்மா, இவவுக்கு வேற வழி இருக்கோ? எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கோ." கடலில இரைஞ்சு கதைக்கிற மனுசன், அங்க மெல்லமாத்தான் கதைச்சார்.

டொக்டர் படம் கீறிக் காட்டினா. கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைக்கலாம், அதை ஒழுங்காக் கழுவவேணும். தசையை இறுக்கிற பயிற்சி செய்யலாம், ஆனால் இவ்வளவு இறங்கினதை அது முழுசா ஏத்தாது. ஒப்பரேசன் செய்தால் சுகம் வரும். எண்டாலும் சிலருக்குத் திரும்ப இறங்கும், சிலருக்குக் கொஞ்சக்காலம் சிறுநீர்க் கரைச்சல் இருக்கும்.

"புருசன் பெண்சாதி வாழ்க்கை?" அதை நான்தான் கேட்டன், சகோதரங்களே!

"ஆறினாப்பிறகு கனபேருக்குக் குறையில்லை. சிலருக்கு நோவு இருக்கும். இருந்தால் வந்து சொல்லுங்கோ. இண்டைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை, யோசிச்சிட்டு வாங்கோ" எண்டா.

முதலில வளையம் வைச்சுப் பாத்தம். எனக்கு அது நிக்கேல்லை. பிறகு நானே போய், ஒப்பரேசனுக்கு ஓம் எண்டன். செபமாலையோட படுத்தன். பயம் இல்லை. பிறகு சிறுநீர் கழிக்கக் கஷ்டப்பட்டன்தான். முதலே சொல்லியிருந்தபடியால் பதறேல்லை. அதுவும் மாறிச்சுது. இப்ப கடகம் தூக்கிறது அந்தோனி.

தாய் என்ர அழுகையைக் கேட்டா. மனுசனை அனுப்பினா, எனக்கு வாயைத் திறந்து தந்தா. மாதாவுக்கு நன்றி, ஆண்டவருக்குத் தோத்திரம். உங்களில ஆரும் இப்பிடி ஒளிச்சு வைச்சிருந்தால், செபம் பண்ணுங்கோ. பிறகு போய் எல்லாத்தையும் கேளுங்கோ. தனியப் போகப் பயமெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ. நான் வாறன்.