அம்மாவுக்குப் போட்ட தாழ்ப்பாள்

பெற்ற தாயைக் கூறு போட்டவன் என்கிறாளே எதிர்வீட்டுக்காரி, அவள் வந்து பார்த்தாளா? பார்த்தவள் நான், அவன் கூடப்பிறந்த அக்கா. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் நன்றாகத் தெரியும்.

அப்போதெல்லாம் வயதானவர்களுக்கு நினைவு தப்பினால் பைத்தியம் என்று கம்பி போட்ட அறையில் தள்ளிவிடுவார்கள். இது பைத்தியம் இல்லை, கண்ணில் புரை விழுகிற மாதிரி மூளையில் விழுகிற நோய் என்று இந்தப் பக்கத்தில் முதலில் சொன்ன டாக்டர் என் தம்பி. மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். மறதி டாக்டர் என்று பட்டம் கட்டினார்கள். நிரூபிக்க இறந்தவர்களின் மூளை வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்பான். செருப்பைத் தூக்கியவர்கள் உண்டு, தந்தவர்கள் இல்லை.

பிறகு நோய் எங்கள் வீட்டுக்கே வந்தது. அம்மா தெருவில் இறங்கிப் போய்விடுவாள், திரும்பி வரத் தெரியாது. வாசல் கதவுக்கு வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் அடித்தோம். நான் அடுப்படியில் இருந்தாலும் சரி, வெளியே போகிறவர் அதைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தெளிவாக இருந்த ஒரு நாள் அம்மா அவனைக் கூப்பிட்டாள். "ஊரான் வீட்டுல போய் ஏண்டா கையேந்துற? என் தலை என்ன மண்ணா? நான் போனதும் எடுத்துக்கோ."

அவள் போனபோது, ஊரெல்லாம் கேட்டவனுக்கு என்னிடம் வாய் வரவில்லை. தரையில் உட்கார்ந்தே இருந்தான். "எடுத்துக்கடா. அவ சொன்னதுதானே" என்றேன்.

பிறகு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் கண்ணாடித் துண்டில் வைத்த அம்மாவின் மூளைச் சீவலைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி வழியே காட்டினான். பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். "இதுதாங்க்கா உன் பேரையே அவகிட்டேருந்து புடுங்கிக்கிச்சு." அவன் சொன்னது நிஜமாகிவிட்டது. அதற்காக அவன் மகிழ்ந்து நான் பார்க்கவில்லை.

விஷயம் தெருவுக்கு வந்தது. அவனை நம்பி ஆஸ்பத்திரியில் விட்டிருந்த நோயாளிகளை வீட்டார் ஒவ்வொருவராக அழைத்துப் போய்விட்டார்கள். சிலரை மறுபடியும் கம்பிக்குள் போட்டதாகக் கேள்வி. காலிக் கட்டில்களை வைத்துக்கொண்டு என்ன வைத்தியம் பார்ப்பான்? தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள்.

ஒரு காலையில் துணிப்பையையும் கண்ணாடித் துண்டுகள் வைத்த பெட்டியையும் எடுத்துக்கொண்டான்.

"சாப்பிட்டுப் போடா."

"பசிக்கலக்கா. வரேன்."

சற்றுப் பொறுத்துக் கதவை இழுத்தேன். வரவில்லை. பழக்கத்தில் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

வேறு வழியில்லை, ஜன்னலில் நின்று எதிர்வீட்டுக்காரியைத்தான் கூப்பிட்டேன். வந்து திறந்தாள். "உன்னையும் அடைச்சு வச்சிட்டுப் போயிட்டானா?" என்றாள்.

"எனக்கில்ல. அம்மாவுக்குப் போட்டது" என்றேன்.