காசம்மாவும் என் அம்மாவின் ஓட்டும்

சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு நான் வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஜனவரிக் கடைசியில்தான் அம்மா முதல் முறையாக என்னிடம் வந்தாள். தொண்ணூறு நாள் விசா. அதில் ஒரு நாளைக்கூட வீணாக்காமல், ஏப்ரல் கடைசியில் திரும்புவது போல டிக்கெட் போட்டிருந்தேன். மார்ச்சில் தமிழ்நாட்டுத் தேர்தல் தேதி வந்தது. அம்மா ஊர்போய்ச் சேர ஐந்து நாள் முன்னாலேயே வாக்குப்பதிவு முடிந்துவிடும்!

என் அம்மாவைத் தெரியாதவர்களுக்கு: வயது எழுபத்தொன்று, ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபத்தொரு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். "உன்னப் பெத்து பன்னெண்டாம் நாளு, பச்ச உடம்போட போய் ஓட்டுப் போட்டவ நான். ஏட்டி, டிக்கெட்ட மாத்து" என்றாள்.

"மாத்த முடியாதும்மா, மலிவு டிக்கெட்" என்றேன். பொய். 140 பிராங்க் கட்டினால் மாறும் என்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். காசு பெரிதில்லை. ஆறு வருஷம் கழித்து வீட்டில் ரசம் வாசனை வருகிறது, வேலை முடிந்து வந்தால் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது. ஒரு ஓட்டுக்காக அதில் ஒரு வாரத்தை விட எனக்கு மனசில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமாதானத்துக்கு வழி தேடியபோதுதான் அலுவலகத் தோழி ஒருத்தி அந்த நாணயத்தைக் காட்டினாள். இந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கப் போராடிய ஓர் அம்மையாரின் முகம் பொறித்த வெள்ளி நாணயம். பெர்னில் ஒரு நாணயக் கடையில் கிடைக்கும் என்றாள். அம்மாவிடம் சொன்னேன்.

"நீ என்ன ஓட்டுப் போட விட மாட்ட. ஓட்டு வாங்கிக் குடுத்தவ மூஞ்சிய மட்டும் காட்டுவியாக்கும்?" என்றாள். ஆனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பட்டுச்சேலை கட்டி, கம்பளிக் கோட்டு மாட்டித் தயாராக இருந்தாள்.

பாசல் நிலையத்தில் 8.28க்கு ரயில். நாள் முழுக்க ரயில், டிராம் எதிலும் போகலாம் என்கிற ஒருநாள் சீட்டை ஒரு வாரம் முன்பே எடுத்திருந்தேன். சலுகை அட்டை இருப்பதால் எனக்கு 39 பிராங்க், அம்மாவுக்கு 59. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் பெர்ன். தாமதமே இல்லை. "நம்மூர்ல இந்நேரம் கடம்பூரத் தாண்டியிருக்காது" என்று அம்மா ஒப்புக்கொண்டாள். டிக்கெட் சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குப் பத்து நிமிட நடை. இருபுறமும் வளைவு வளைவாகக் கூரையிட்ட நடைபாதை, அதனால் மழை பெய்தாலும் குடை வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் டிராமில் போகலாம், இரண்டு நிறுத்தம்தான். கடையைக் கண்டுபிடிக்கத்தான் சிரமப்பட்டேன். இரண்டு முறை வாசலைத் தாண்டிப் போய்விட்டோம், கதவு அவ்வளவு சின்னது.

உள்ளே போனதும், "வாங்கோ, தமிழோ?" என்று ஒரு குரல். விற்பனை மேசைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். பெயர் சுபா. யாழ்ப்பாணக் குடும்பம், பிறந்தது இந்த நாட்டிலேயே, சொலோதுர்னில். அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் கடையின் சொந்தக்காரர், ரோஸ்மாரி, எண்பத்தாறு வயது, மூக்குநுனியில் கண்ணாடி.

சுபா நாணயத்தை எடுத்து வைத்தாள். நல்ல கனம், இருபது கிராம். ஒரு பக்கம் அம்மையாரின் முகம், மறுபக்கம் '20 பிராங்க்' என்று பொறித்திருக்கிறது. விலை 35 பிராங்க்.

"இருபதுன்னு எழுதிட்டு முப்பத்தஞ்சு கேக்காளே! இது எந்தூரு நியாயம்?" என்றாள் அம்மா. சுபா சிரித்துச் சிரித்து அதை ஜெர்மனில் சொல்ல, ரோஸ்மாரியும் சிரித்து, 32க்கு இறங்கினார். சுவிட்சர்லாந்தில் பேரம் பேசி வென்றதை நான் பார்த்தது அன்றுதான். அம்மையாரின் பெயர் அம்மா வாயில் கடைசிவரை நுழையவில்லை. "காசம்மா" என்று வைத்துவிட்டாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

காசம்மா ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டவராம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1959இல் அவர்கள் 'வேண்டாம்' என்றுவிட்டார்கள். அப்போது ரோஸ்மாரிக்குப் பத்தொன்பது வயது.

"இவவின்ர அப்பாவும் வேண்டாமெண்டுதான் போட்டவராம்" என்று சுபா மொழிபெயர்த்தாள். "வீட்ட வந்து சூப் குடிச்சுக்கொண்டு, 'ஒரு தரம்தானே, அடுத்த முறை பாப்பம்' எண்டவராம். அந்த அடுத்த முறை வர பன்னிரண்டு வருசம் போயிட்டுதாம்."

"அடப்பாவி மனுசா!" என்றாள் அம்மா. "எங்கம்மா கைநாட்டு. அவளே அம்பத்திரண்டுல போட்டுட்டாளே!"

இதைக் கேட்டதும் ரோஸ்மாரி நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. சுபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத அவககிட்ட சொல்லு தாயி. இந்தத் தடவ எனக்கு ஓட்டு இல்ல. டிக்கெட்ட மாத்த முடியாதுன்னு எம் மக சொல்லுதா" என்றாள்.

சுபா வரி விடாமல் சொன்னாள். ரோஸ்மாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அக்கா, காசு கட்டினா எந்த டிக்கெட்டையும் மாத்தலாந்தானே எண்டு கேக்கிறா. மாத்த ஏலாதெண்டது உண்மையோ?"

நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரோமானியக் காசுகளை உற்றுப் பார்த்தேன். சுபாதான் காப்பாற்றினாள்.

"அக்காவ மட்டும் பேசாதேங்கோ. நானும் இன்னும் ஒரு ஓட்டும் போடேல்லை. இங்க பிறந்தாலும் தானாக் குடியுரிமை வராது, விண்ணப்பிக்க வேணும். விண்ணப்பப் பாரம் மூண்டு வருசமா மேசையில கிடக்குது." அவள் செய்த தவறு, அதையும் ஜெர்மனில் சொல்லிவிட்டாள். ரோஸ்மாரி அவளைத் திட்டிய திட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டிராம் பிடித்து எட்டு நிமிடத்தில் யூரோப்பா பிளாட்ஸ் என்ற சதுக்கத்துக்குப் போனோம். அங்கே ஒரே கட்டிடத்துக்குள் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. மதியப் பூசை பார்த்தோம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னால் அதற்குமேல் முடியவில்லை. "மாத்தலாம்மா. நூத்தி நாப்பது பிராங்க். நீ போயிட்டா வீடு வெறிச்சுனு இருக்குமேன்னு சொல்லல" என்றேன். அழுதும்விட்டேன், மறைப்பானேன்.

அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள். "தெரியும்டி. தேதி வந்த அன்னைக்கே பெட்டியக் கட்டிட்டேன். உன் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நீயா சொல்லட்டும்னு பாத்தேன்."

திரும்பும் ரயிலிலேயே டிக்கெட்டை மாற்றினேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கடை சனிக்கிழமை பத்து முதல் நான்கு மணி வரை, ஞாயிறு மூடல். 'பெண்கள் ஓட்டுரிமை நாணயம்' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். ஒருநாள் சீட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. கோயிலுக்குப் போவதானால் பூசை நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பேரம் பேச என் அம்மா வேண்டும், அதற்கு நான் பொறுப்பில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றவர்களுக்கு டிக்கெட் போடும் முன் ஊரில் எப்போது தேர்தல் என்று பாருங்கள்.

வாக்குப்பதிவன்று காலை அம்மாவின் குரல் செய்தி வந்தது: "போட்டாச்சுட்டி. மூணாவது ஆளுதான். எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு வந்து நின்னுட்டாளுவ." கோபம் அடங்கவில்லை அவளுக்கு.

நாணயத்தை அவள் கொண்டுபோகவில்லை. விமான நிலையத்தில் என் உள்ளங்கையில் வைத்து, "நான்தான் போடுதேனே, எனக்கு எதுக்கு? நீ அங்கயும் போடல, இங்கயும் போடல. காசம்மா உங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அது உண்மைதான். இங்கே எனக்கு ஓட்டு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு பாரம் இருக்கிறது. நிரப்பினால் ஊருக்குப் போய் நேரில் போடலாம். அதை அச்செடுத்து மூன்று நாளாகிறது. நேற்று சுபாவிடமிருந்து செய்தி: "பாரத்தைக் குடுத்திட்டன் அக்கா. நீங்கள்?"

என் பாரம் மேசைமேல் இருக்கிறது. ஜன்னல் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் காசம்மாவை வைத்திருக்கிறேன். நான் இதைத் தட்டச்சு செய்யச் செய்ய என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனாவை எடுக்க வேண்டும், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.