இருபத்தொரு முகட்டு ஓடுகள்

செய்தி வந்தபோது மணி மூன்று நாற்பது. பழைய கட்டடச் சாமான் விற்கும் யார்டின் முதலாளி அண்ணனுடைய போனிலிருந்துதான் கூப்பிட்டார். திரையில் "அண்ணா" என்று வந்ததால், எடுத்ததும், "சொல்லு, ஓடு கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். முன்பின் தெரியாத குரல் ஒன்று, "அம்மா, நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றது.

தங்கை என்றேன்.

"உக்காந்த வாக்குலயே சாஞ்சுட்டாரும்மா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டோம். நீங்க கிளம்பி வாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணன் லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறும், ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். ஆரம்ப காலத்தில் அங்கே பெரிய வட்ட முகமும் முள்ளும் கொண்ட பழைய இயந்திரம் இருந்தது. லாரி ஏறியதும் முள் ஆடும். ஆட்டம் முழுக்க அடங்காமல் அண்ணன் பேனாவைத் தொட மாட்டார். பின்னால் நிற்கும் டிரைவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தாலும், "முள் நிக்கட்டும்" என்பார். பிறகு முள் போய், சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி வந்தது. அப்போதும் அவர் அதையேதான் சொன்னார். டிரைவர்கள் அவருக்கு முள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு ஜன்னல்ல யாரு, முள்ளா? அப்ப டீ குடிச்சிட்டே வரலாம்" என்று அவர் காதுபடச் சொல்வார்கள். அவர் சிரிப்பார். ஆனால் அவர் எழுதிய சீட்டில் ஒரு கிலோ தப்பு என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அண்ணி சொல்வாள்: "என்னைக் கட்டிக்கலாமா வேணாமான்னு உங்க அண்ணன் ரெண்டு வருஷம் யோசிச்சாரு. அதுக்குள்ள எனக்கு ரெண்டு பல்லு விழுந்துடுச்சு." அண்ணன் உடனே, "அது கடைவாய்ப் பல்லு. முன்னாடியே ஆடிட்டுத்தான் இருந்துச்சு" என்று திருத்துவார்.

அப்பா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. முன்னால் கூடம், இரண்டு பக்கமும் அறைகள், பின்னறையில் நான். இரண்டு சரிவுகளும் உச்சியில் சேரும் இடத்தை மூடிக்கொண்டு, மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவர் வரை வளைந்த முகட்டு ஓடுகள் இருபத்தொன்று. நாலு வருடமாகக் கூடத்தில் ஒழுக்கு. முழங்கால் தேய்ந்துபோன அண்ணியின் கட்டில் அந்தக் கூடத்தில்தான். மழை வந்தால் கட்டிலை இழுத்து ஓரம் கட்டுவோம், வாளி வைப்போம். வாளிக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டால் சொட்டுச் சத்தம் கேட்காது என்று கண்டுபிடித்தது அண்ணி.

சொட்டு விழும் இடத்தை அண்ணன் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார். மழை விட்டதும் டேப்பை எடுத்துக் கிழக்குச் சுவரிலிருந்து அளப்பார், வெளியே போய் ஓடுகளை எண்ணுவார். பிறகு ஓட்டு வேலைக்காரரிடம், "கிழக்கிலிருந்து எட்டாவது" என்று சொல்வார். அந்த வேலைக்காரருக்குப் பூனை என்று பெயர். கூரைமேல் நடந்தால் ஒரு ஓடு நொறுங்காது, கீழே இருப்பவர்களுக்கு ஆள் மேலே இருப்பதே தெரியாது. நாலு வருடமும் பூனை ஏறி எட்டாவது ஓட்டைப் பெயர்த்து வேறு ஓடு வைத்துப் பூசிவிட்டு இறங்கினார். நாலு வருடமும் அடுத்த மழைக்கு அதே வட்டத்துக்குள் சொட்டு விழுந்தது.

இந்த வருடம் பூனை அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே ஏறவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பரண் வழியாக உள்ளே போனார். முகட்டுக் கட்டையின் அடியில் கையைத் தடவிக்கொண்டே மேற்குப் பக்கம் நகர்ந்தார். நெடுநேரம் கழித்து ஒட்டடையோடு இறங்கி வந்தார்.

"சார், அளவெல்லாம் சுத்தமாத்தான் எடுத்திருக்கீங்க. தண்ணிக்குத்தான் அது தெரியல."

"என்னப்பா சொல்றீங்க?"

"அது உள்ள வர்றது மேற்குல, ரெண்டாவது ஓட்டுல. உங்க கிழக்குச் சுவரு கொஞ்சம் இறங்கிடுச்சு. கட்டையும் அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. அதைப் புடிச்சிக்கிட்டே ஓடி வந்து, எட்டாவது ஓட்டுக்குக் கீழ ஒரு பழைய ஆணி இருக்கு பாருங்க, அங்க வந்து குதிக்குது. சொட்டுற இடம் வேற, ஓட்டை வேற."

அண்ணன் தரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் நாலு வருட வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"நல்லா இருந்த ஓட்டை நாலு தடவை பெயர்த்ததுல அங்கயும் இப்ப சாந்து விட்டுப்போச்சு" என்றார் பூனை. "நானும் கேக்காம ஏறினேன். தப்பு பாதி என்னுது."

அண்ணி கட்டிலில் இருந்தபடியே, "மீதிப் பாதிக்கு இவரு சீட்டு எழுதித் தருவாரு" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்று மாலை ஈரத்துணி எடுத்துத் தானே குனிந்து அந்த வட்டங்களை அழித்தார்.

ஒழுக்கோடு விஷயம் முடியவில்லை. மேற்குச் சுவரில் உட்காரும் கட்டையின் முனை நாலு வருட ஈரத்தில் இற்றுப்போயிருந்தது. பூனை உளியை வைத்ததும் ரொட்டியில் போவதுபோல இறங்கியதாம். இன்னொரு மழை தாங்குமா என்பது சந்தேகம். கட்டை இறங்கினால் அண்ணி அந்தக் கூடத்தில் இருக்க முடியாது. அவர்களுடைய மகன் வெளியூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறான், அங்கே லிஃப்ட் கிடையாது. "அங்க போனா நான் ஜன்னல்ல வச்ச பூந்தொட்டிதான். ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் இறக்க மாட்டீங்க" என்றாள் அண்ணி.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணன் கூட்டிக் கழிக்க ஆரம்பித்தார்.

மேற்கு முனையில் இரண்டு ஓட்டை மட்டும் மாற்றி, இற்ற முனைக்கு இரும்புத் தகடு அடித்து, விரிசலுக்கெல்லாம் பூச்சு பூசினால் பதினெட்டாயிரம். அதற்குப் பூனை ஒரு மழைக்குத்தான் வாக்குக் கொடுத்தார். முகடு முழுவதையும் புது ஓடாக மாற்றினால் அறுபத்திரண்டாயிரம். இப்போது வரும் முகட்டு ஓடு பழைய அச்சைவிட அரை அங்குலம் ஒடுக்கம். அதனால் இரண்டு சரிவிலும் மேல் வரிசை ஓடுகளையும் மாற்ற வேண்டும். அறுபத்திரண்டாயிரம் அண்ணனிடம் இருந்தது. ஆனால் அது அண்ணியின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஐந்து வருடமாகச் சேர்த்தது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்ட ஆபரேஷன். பாதி நான் தருகிறேன் என்றேன். "உன் பணம் உன் வயசான காலத்துக்கு. அதுல கை வைக்கிற அளவுக்கு வீடு இன்னும் விழலை" என்றார்.

ஒரு நாள் கால் ஜெயித்தது, மறுநாள் கூரை ஜெயித்தது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "தகடு அடிச்சா ரெண்டு வருஷம் தாங்காதா?" என்பார். அவரே, "தாங்காது" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவார். எங்கள் மூவருக்குமே அலுத்துப்போனது.

மூன்றாவது வழியைப் பூனைதான் சொன்னார். இடித்த வீடுகளின் சாமான் விற்கும் யார்டில் பழைய அச்சு ஓடு குவிந்து கிடக்கிறது. அதில் இருபத்தொன்று கிடைத்தால் மேல் வரிசையைத் தொட வேண்டாம். கட்டையின் இற்ற முனையை வெட்டி ஒட்டுப் போட்டு, முகடு முழுவதையும் எடுத்து வைத்துவிடலாம். முப்பதாயிரத்துக்குள் அடங்கும். மீதிப் பணம் ஆபரேஷனுக்குப் போதும், காலையும் இந்த வருடமே பார்த்துவிடலாம்.

"ஆனா கடைக்காரன் கண்ணை மூடிக்கிட்டு அள்ளிப் போடுவான் சார். நீங்களே போய் ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து எடுங்க. நல்ல ஓடு ணங்குன்னு பேசும். கீறல் விட்டது டொக்குன்னு வாயை மூடிக்கும்."

அதற்குப் பிறகும் எட்டு நாள் போனது. பழைய ஓட்டை நம்பலாமா என்று யோசித்தார். வெயில் தணியட்டும் என்றார். எட்டாம் நாள் சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, லாரி மேடையிலயே நிக்குது. நீ சீட்டு எழுதினாத்தானே பின்னாடி நிக்கிறவன் நகர முடியும்? இன்னும் எத்தனை நாள் முள்ளையே பார்த்துட்டு இருப்ப?"

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நின்னுடுச்சும்மா" என்றார். "நாளைக்குப் போறேன்."

மறுநாள் பகல் பதினோரு மணிக்குத் தொப்பி, தண்ணீர் பாட்டில், இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயில் தணிந்திருக்கவில்லை.

யார்டுக்கு நான் போனபோது அவரைத் தகரக் கொட்டகைக்குள் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். விரல் முட்டிகள் சிவந்து, தோல் உரிந்திருந்தன. "மூணு மணி நேரமா தட்டினாரும்மா" என்றார் முதலாளி. "நிழலுக்கு வாங்கன்னேன். இன்னும் கொஞ்சம்தான்னாரு. போதும் சார், எல்லாம் ஒரே ஓடுதான்னேன். அப்படின்னா நான் எதுக்கு வந்தேன்னு கேட்டாரு." அவர் உட்கார்ந்திருந்த ஓட்டு அடுக்குக்குப் பக்கத்தில் ஆகாத ஓடுகள் பெரிய குவியலாகக் கிடந்தன. சுவரோரம் நல்ல ஓடுகள் வரிசையாக நின்றன. பதினாலு.

தகனம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணி பூனையைக் கூப்பிட்டனுப்பினாள். மகன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் பூனையிடம் பேசினாள்.

"அவரு சொன்ன மாதிரியே பண்ணிடுங்க. கட்டைக்கு ஒட்டு, பழைய ஓடு. காலுக்கும் தேதி வாங்கியாச்சு. இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு முடிவு எடுத்திருக்காரு, அதை நான் மாத்த மாட்டேன்."

பூனை சின்ன வண்டி பிடித்து ஓடுகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். பதினாலையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கித் தட்டினார். பதினாலும் ணங்கென்றன. "ஒண்ணுகூடத் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே கட்டைக்கு ஒட்டுப் போட்டார். முகட்டின்மேல் தார்ப்பாய் கட்டினார். திங்கட்கிழமை யார்டுக்குப் போய் மிச்சம் ஏழு ஓட்டை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் கடைசியாக மடியில் வைத்திருந்த பதினைந்தாவது ஓட்டை முதலாளி தனியாக எடுத்துவைத்து என்னிடம் கொடுத்திருந்தார். அது என் அறையில் இருக்கிறது. நல்ல ஓட்டுக்கு அண்ணன் சாக்பீஸால் டிக் போட்டிருந்தார், ஆகாததற்குப் பெருக்கல் குறி. டிக்கின் சின்னக் கோடும் பெருக்கல் குறியின் முதல் கோடும் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும். பதினைந்தாவது ஓட்டில் அப்படி ஒரு சாய்ந்த கோடு மட்டும் இருக்கிறது. அவருக்குப் பிறகு அதை இன்னும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.