முட்டைக்குள் பறந்த கொசு

முட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமல் பார்ப்பதுதான் எங்கள் தொழில். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், இருட்டறையில் விளக்குப் பெட்டியின்மேல் முட்டையை உருட்டி, விரிசலும் ரத்தப் புள்ளியும் உள்ளதைக் கழித்துத் தள்ளுவேன். என் கண்ணைப் பற்றி மற்றவர்கள் குறைத்தே சொல்வதால் நானே சொல்லிவிடுகிறேன்: முட்டையைப் பார்த்தே, இட்ட கோழி அன்று பக்கத்துக் கூண்டுக்காரியோடு சண்டை போட்டதா என்று கண்டுபிடித்துவிடுவேன். கண்முன் கொசுவும் நூலும் மிதக்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது.

எல்லா முட்டையிலும் ஒரே கொசு

ஒருநாள் காலையில் எடுத்த முட்டையில் எல்லாம் ஒரு கருப்புப் புள்ளி, வாலோடு. அட்டை அட்டையாகக் கழித்தேன். தீவனத்தில்தான் கோளாறு, இந்த மாதிரி ஒரு நோயை அந்தக் காலத்தில் நான் ஒருத்தன்தான் பார்த்திருக்கிறேன் என்று அளந்துவிட்டதில், பண்ணைக்காரர் கோழி டாக்டரைக் கூப்பிடவே கிளம்பிவிட்டார்.

எதிரே உட்கார்ந்து அதே வேலை பார்க்கும் பழனியம்மா, நான் கழித்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தார், கிண்ணத்தில் உடைத்தும் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. "அண்ணா, முட்டை நல்லாத்தானுங்க இருக்குது. கொசு உங்க கண்ணுக்குள்ள பறக்குதாட்ட இருக்குது."

என்னையே விளக்கில் வைத்தார்கள்

சேலத்தில் கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் விளக்கைப் பாய்ச்சி உள்ளே பார்த்தார். எங்கள் தொழிலேதான் என்றேன். விரிசல், ரத்தப் புள்ளி என்று எங்கள் பாஷையையும் கொஞ்சம் கற்றுக் கொடுத்தேன். அவரும் விடவில்லை. கண்ணுக்குள் வெள்ளைக்கரு மாதிரி ஒன்று இருக்கிறதாம். வயசானால் அது சுருங்கித் திரிதிரியாகுமாம், அந்தத் திரியின் நிழல்தான் கொசுவாம். பெரும்பாலும் தொந்தரவு இல்லை, பழகிவிடும் என்றார்.

கிளம்பும்போது கையைப் பிடித்துச் சொன்னதுதான் முக்கியம். "திடீர்னு புள்ளி கூடினாலோ, ஓரத்துல மின்னல் அடிச்சாலோ, திரை விழுந்தாப்புல மறைச்சாலோ அன்னிக்கே வந்துருங்க ஐயா. நாளைக்குன்னா பார்வையே போயிரும்."

கண்ணாடி துடைத்தவர்

பண்ணைக்குத் திரும்பியதும் நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். முட்டையை உருட்டினால் நகர்வது முட்டையின் புள்ளி. கண்ணை உருட்டினால் நகர்வது என் புள்ளி. அதோடு, சொன்ன பக்கம் பறக்கும்படி கொசுவைப் பழக்கி வைத்திருப்பதாகவும் லோடு ஏற்ற வந்த ராசிபுரத்து டிரைவரிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், இடது பக்கம், வலது பக்கம். "அட, எனக்கும் இருக்குதுங்க. இத்தனை நாளா வண்டிக் கண்ணாடியையல்ல தொடைச்சுத் தொடைச்சுத் தேய்ச்சேன்."

பல்பு நல்லாத்தான் இருந்தது

பிறகு ஒருநாள் வேலை நடுவில் இடது கண் ஓரம் பளிச் பளிச்சென்றது. பல்பு துடிக்கிறது என்று கரண்டுக்காரர்களைத் திட்டினேன். அப்புறம் மிளகுத்தூளைக் கொட்டினாற்போல் முட்டைமேல் எல்லாம் புள்ளி. உருட்டினேன், புள்ளி முட்டையோடு போகவில்லை, கண்ணோடு வந்தது. கேரளா லோடு நிற்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். பழனியம்மா விளக்குப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டார். ராசிபுரத்துக்காரர், லோடு கிடக்கட்டும் என்று பண்ணை ஜீப்பில் என்னை ஏற்றிச் சேலத்துக்கு விட்டார்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். விழித்திரையில் கிழிசலாம், உரிந்து வருவதற்குள் லேசரால் சுற்றி அடைத்துவிட்டார். பழைய கொசு போகவில்லை, பார்வையும் போகவில்லை. அன்று அவர் சொன்னதைத்தான் பண்ணை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். "விரிசல்தாங்க ஐயா, நல்லவேளை ஒழுகறதுக்கு முன்னாடி கொண்டாந்துட்டீங்க."

ஆக, ஆயுசெல்லாம் விரிசல் முட்டையைக் கழித்துத் தள்ளியவனை, விரிசலை அடைத்து நல்ல முட்டையோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.