நடுக்கோட்டைத் தாண்டாத அற்புதசாமி

பாலக்கரை அற்புதசாமியை நல்ல ஆட்டக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. நல்ல பேக் என்றுதான் சொன்னார்கள். அந்தக் காலத்து ஃபுட்பாலில் இரண்டும் வேறு வேறு. பந்தை உருட்டிக்கொண்டு கோட்டோரமாகப் பறந்து, ஜனங்களைக் கூச்சல் போட வைப்பது விங்கில் ஆடுகிறவன் வேலை. பேக் என்பவன் பின்னால் கோலுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை வந்த திசைக்கே உதைத்து அனுப்ப வேண்டும். அதற்கு மேல் அவன் மூளையை உபயோகித்தால் அதிகப்பிரசங்கி என்பார்கள்.

நான் அவனுக்குப் பக்கத்து வீடு. அரியமங்கலத்தில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. முதலாளிக்குக் கோப்பைப் பைத்தியம்; அதற்காகவே ஒரு டீம் வைத்திருந்தார். டீமில் ஆடுகிறவனுக்கு என்னோடு ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற நோகாத வேலை. டீமை விட்டு எடுத்துவிட்டால் நேரே உலைக்கு அனுப்பிவிடுவார்கள். உலை எப்படிப்பட்டது என்று லூர்துராணியைத்தான் கேட்க வேண்டும். அவளுடைய அண்ணன் அந்தக் கரிப்புகையில் நின்று நின்று, கடைசியில் ரத்தமாக இருமிச் செத்தான். அற்புதசாமியைக் கட்டிக்கொள்ள அவள் போட்ட ஒரே நிபந்தனை, உலைப் பக்கம் போகக் கூடாது என்பதுதான். அவனும் சத்தியம் செய்து கொடுத்தான்.

1953இல் கல்யாணம். அப்போது மதுரைவீரன் மாஸ்டர் கோச். பேக் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. அந்த வருஷம் ஒரு மேட்சில், முன்னால் ஆளே இல்லாததைப் பார்த்த அற்புதசாமி பந்தோடு ஓடிவிட்டான். கோலும் போட்டான். அந்தக் கோலால்தான் ஜெயித்தோம்.

மறுநாள் பிராக்டிசுக்குப் போனால், நடுக்கோடு நெடுகக் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பியிருக்கிறார் மனுஷர். எங்கள் ஆட்கள் அப்போதெல்லாம் வெறுங்காலில்தான் ஆடுவார்கள்.

"இப்ப தாண்டுடா பாப்போம்" என்றார்.

ஆட்ட வேகத்தில் தாண்டத்தான் செய்தான். முள் உள்ளேயே ஒடிந்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அதோடு விட்டாரா? கோச்சாக இருந்த வரைக்கும் ஒவ்வொரு பிராக்டிசுக்கும் முள் போட்டார். மற்ற டீம்காரர்கள் வந்து பார்த்து, பிரமாதமான யோசனை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நாசமாய்ப் போகிற யோசனை!

எனக்கு வந்த கோபம்கூட அவனுக்கு வரவில்லை. "மாஸ்டர் நம்ம நல்லதுக்குத்தானே செய்யிறாரு" என்பான். வருஷங்கள் போயின. பூட்ஸ் வந்தது, முள் போனது, மாஸ்டரும் போய்ச் சேர்ந்தார். அற்புதசாமி மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றான். பந்து முன்னால் உருண்டால் கோடு வரை ஓடுவான். அங்கே பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றுவிடுவான். பின்னால் நிற்பதுதான் பேக்கின் வேலை என்று இருந்த வரை இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

1965இல் கல்கத்தாவில் ஆடிவிட்டு வந்த கலீல் கோச்சானார். வந்த அன்றே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்.

"விங்குல ஒருத்தன் சும்மா கோட்டோரமா நின்னுக்கிட்டிருந்த காலமெல்லாம் போயிடுச்சு. தங்கையா, நீ பந்து வந்ததும் உள்ள வா. உன்னைப் பிடிக்கிறவனும் உன்கூட உள்ள வருவான். ஓரம் காலியாகும். அற்புதம், அந்த இடத்துக்குப் பின்னாலேருந்து நீ ஓடணும்."

தங்கையன் இடது விங்கில் ஆடுகிறவன். முணுமுணுத்தாலும் சீக்கிரமே கற்றுக்கொண்டான். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம் மணலில் ஓட விட்டபோது அற்புதசாமிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். மைதானத்துக்கு வந்தால் கோட்டில் நின்றான். கலீல் முதலில் சிரித்தார். அப்புறம் கத்தினார். அதற்கப்புறம் அவன் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கெட்டவர் இல்லை. ஒருநாள் வீட்டுக்கே வந்து, லூர்துராணிக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கிழமை முதலாளி மேட்ச் பாக்க வர்றாரு. ஒரே ஒரு தடவை தாண்டிப் போயிடு அற்புதம். இல்லேன்னா உனக்காக நான் பேச முடியாது."

மைதானத்துப் பக்கமே வராதவள் லூர்துராணி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து கோட்டோரம் என் பக்கத்தில் நின்றாள். கையில் ஜெபமாலை. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கோடு என்று மட்டும் கேட்டாள், காட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சந்தர்ப்பம் வந்தது. தங்கையன் பந்தை வாங்கி உள்ளே திரும்பினான். அவனைப் பிடிக்க எதிராளிகளும் உள்ளே ஓடினார்கள். இடது ஓரத்தில் ஈ காக்கை இல்லை. அற்புதசாமி வருவான் என்று நம்பித் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அங்கே தள்ளிவிட்டான் தங்கையன். அற்புதசாமியும் வந்தான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

"போங்க! ஏங்க, போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் லூர்துராணி.

நடுக்கோட்டுக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். ஒரு கால் தூக்கியபடியே இருந்தது. பந்து யாருமில்லாத இடத்தில் தானாக உருண்டு வெளியே போயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் சிரித்த ஒருத்தன் சட்டையை நான் பிடித்துவிட்டேன். அதனால் என்ன ஆகப்போகிறது? முதலாளி எழுந்து காருக்குப் போய்விட்டார்.

மூன்று பேரும் நடந்து வந்தோம். பாலக்கரை வந்ததும் அவள் கேட்டாள்.

"நான் கத்துனது காதுல விழலையா?"

"விழுந்துச்சு ராணி."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"நான் போகத்தான் பாத்தேன். கால் வரலை."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் ஸ்டோர் மேனேஜர் அவனை உலைக்குப் போகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்ப நான் சைக்கிளோடு அவன் வாசலில் நின்றபோது, லூர்துராணி சோற்றுத் தூக்கை அவன் கையில் கொடுத்தாள். துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை அவன் தோளில் போட்டாள்.

"வாயையும் மூக்கையும் இதால கட்டிக்கங்க" என்றாள். "எங்கண்ணன் கட்டலை."